குறுக்கே அளந்தால்

ஜெபா அப்பாவுக்கு,

காக்களூர் கம்பெனியில் இன்று நீங்கள் செய்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. நாம் செய்யும் கரிமக் குறைகடத்திப் படலத்தில், பூசிய திசையில்தான் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும். அந்த வாக்கில் அளந்தால் மின்னோட்டம் சரளமாக ஓடும். குறுக்கே அளந்தால் திணறும். வாங்க வந்தவர்களுக்கு அதையும் காட்டலாம் என்று நான் படலத் துண்டைத் திருப்பினேன். "அத்த ஏன் திருப்புற? நல்லா ஓட்ற பக்கத்த மட்டும் காட்டு" என்று சிரித்துக்கொண்டே, மேசைக்கடியில் என் மணிக்கட்டை முறுக்கினீர்கள்.

வந்தவர்களில் ஓர் அம்மா என் கன்னத்து வீக்கத்தைப் பற்றிக் கேட்டார். "பல்வலிங்க, பாவம்" என்றீர்கள். அந்தக் குரலில்தான் எவ்வளவு கரிசனம்! தூ.

சாயந்தரம் மீஞ்சூரிலிருந்து உங்கள் அக்கா போன் செய்தார்.

"இன்னாமா, பல்லு வலி பரவால்லியா?"

இத்தனை நாளும் நானும் உங்கள் வாக்கிலேயே பதில் சொல்லி வந்தேன். அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"பல்லுல ஒன்னும் இல்ல அண்ணி" என்றேன்.

உடனே அவர், "புள்ளையக் கூட்டிகினு இங்க வந்துடு" என்றார். கிளம்பிவிட்டோம்.

இப்படிக்கு,
பல்வலி இல்லாதவள்