காரியமில்லாத பயணங்கள்

என் அன்புக்குரிய ராசுவின் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம்தான் திவசம் முடிந்தது. உங்கள் போட்டோவைப் போட்டு, நாலு வரி அஞ்சலி எழுதிப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்று ராசு சொன்னான். பக்கத்து வீட்டுச் சுபைதாதான், "நாலு வரியில என்னக்கா சொல்லப் போறீங்க? உங்களுக்குச் சொல்ல எவ்வளவோ கிடக்கே, எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். ஊரார் படித்தாலும் படிக்கட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆம்பிளைகள் இருக்கிற வீடுகளில் படித்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு ஞாபகம் இருக்குமா? நீங்கள் ஓய்வு பெற்ற அன்று தேயிலைத் தோட்டத்தில் மாலை போட்டு, 'டீமேக்கர் ஐயா' என்று மேடையில் ஏற்றிப் பேசி அனுப்பி வைத்தார்கள். குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பசறை ரோட்டில் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தோம். இத்தனை வருஷமும் பேக்டரிச் சங்குக்கு எழும்பியவர் நீங்கள். இங்கே சங்கு இல்லை. விடிந்ததும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பீர்கள். "நேரம் சும்மா போகுது தங்கம்" என்று நீங்கள் சொல்லும்போது, வீட்டில் ஏதோ களவு போய்விட்டது போல முகம் இருக்கும்.

அந்தத் தையில் பொங்கல் பானை இறக்கிய கையோடு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள்.

"இவ்வளவு நாளும் தொரை சொன்னதைச் செஞ்சேன். இனிமே நான் சொல்றதை நானே செய்யப் போறேன். வருஷத்துக்கு ஒரு காரியம். இருக்கிற வருஷம் கொஞ்சம், ஒன்னையும் வீணாக்கக் கூடாது. இந்த வருஷம் காய்கறித் தோட்டம்."

எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போஞ்சிக் கொடியும் முட்டைக்கோவாவும் நட்டீர்கள். பந்தல் போட்டது நீங்கள்தான், மறுக்கவில்லை. தண்ணீர் சுமந்தது யார்? புழு பொறுக்கியது யார்? காய்த்ததைப் பறித்து, கழுவி, அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைத்தது யார்? அடுத்த வருஷம் மாடு வாங்கினீர்கள். மாட்டைத் தடவிக் கொடுப்பது உங்கள் வேலை, பால் கறப்பதும் சாணி அள்ளுவதும் என் வேலை. மூன்றாவது வருஷம், சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதாக முடிவு செய்தீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றியவள் நான்.

நான் முணுமுணுத்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள், "உங்களுக்கு ஓய்வு குடுத்த மாதிரி எனக்கு எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டேன். நீங்கள் அதைப் பகிடி என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தீர்கள். நானும் கூடவே சிரித்துவிட்டேன். அங்கேதான் தப்பு.

அந்த வருஷ மழையில் மாட்டுக்கு மானாப்புல் அறுக்க மேட்டுக்குப் போய் வழுக்கி விழுந்து, என் வலது மணிக்கட்டு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது உங்களுக்கே தெரியும். முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் மாடு உதைத்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து வழி சொல்ல, நீங்கள் வெந்நீர் வைத்து, என் தலைமயிரைச் சிக்கெடுத்து, இரட்டைச் சடை மாதிரி ஏதோ பின்னி விட்டீர்கள். சுபைதா பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஒரு சாயங்காலம் சட்டி கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கைவிரலெல்லாம் கரி.

"ஒரு நாள்ல இவ்வளவு வேலை இருக்கா தங்கம்?"

"இன்னும் இருக்கு. நீங்க பாதியை விட்டுட்டீங்க."

அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே மாட்டை விற்றீர்கள். கட்டு அவிழ்த்த பிறகும் காலைத் தேத்தண்ணியை நீங்களே ஊற்றினீர்கள். நம் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் எவை என்று யாராவது கேட்டால், கல்யாணம் கட்டிய புதிதைச் சொல்ல மாட்டேன். இந்த மாதங்களைத்தான் சொல்வேன்.

அதற்கடுத்த தையில் என்னிடம் கேட்டீர்கள். "மூனு வருஷம் நான் சொன்னேன். இந்த வருஷம் நீ சொல்லு. உனக்கு என்ன செய்யணும்?"

எத்தனையோ வருஷம் மனசுக்குள் குறைப்பட்டவள்தான், ஆனாலும் கேட்டதும் ஒன்றுமே தோன்றவில்லை. ராசுவுக்கு இரண்டாவது பிள்ளை நல்லபடி பிறக்கணும் என்றேன். "அது அவங்களுக்கு. உனக்கு என்ன வேணும்?" என்றீர்கள். உங்கள் நெஞ்சு அடைப்பு குறையணும் என்றேன். "அது எனக்கு" என்றீர்கள். கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். "அவசரமில்ல, வருஷம் பூரா இருக்கு" என்றீர்கள்.

வருஷம் பூரா இருக்கவில்லை. வைகாசியில், காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் வாசற்படியில் உட்கார்ந்தீர்கள். நான் ஓடிவந்து தாங்கிப் பிடிக்கும்போதே உடம்பு கனத்துவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் ராசு என் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கினான். "தனியா எப்படி இருப்பீங்க? கொழும்புக்கு வாங்கம்மா" என்றான். மருமகள் மாலதிக்குக் கைக்குழந்தை. அவள் கந்தோர் வேலைக்குப் போனால்தான் வீட்டுச் செலவு ஓடும். நானும் யோசிக்காமல் ரயில் ஏறினேன். அங்கே போய் விடியலில் எழும்பி, சமைத்து, துவைத்து, பிள்ளை பார்த்து, நான் பழைய ஆளாகவே ஆகிவிட்டேன். அழக்கூட நேரமில்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லது என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் வீட்டிலிருந்து கடல் இரண்டு தெரு தள்ளி. நான் கடலைப் பார்த்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் மாலதியிடம், "கடலைப் பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டேன்.

"அங்க உங்களுக்கு என்ன வேலை அத்தை?" என்றாள்.

அவள் மேல் குற்றமில்லை. உலையில் சோறு, இடுப்பில் பிள்ளை, அவளும் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்றிரவு படுத்துக்கொண்டு என் பயணங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்புத்தளைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்கு. லுணுகலைக்கு அம்மாவின் சாவுக்கு. பதுளைக்குப் பிரசவத்துக்கு. பண்டாரவளைக்குக் காதுகுத்துக்கு. போன இடத்திலெல்லாம் ஒரு காரியம் இருந்தது, போனதும் அடுப்படியில் எனக்கு ஓர் இடம் இருந்தது. எந்த வேலையும் இல்லாமல், எனக்காக மட்டும் நான் ஓர் ஊருக்குப் போனதே இல்லை.

அப்போது, தையில் நீங்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. மாதம் ஒரு தடவை பஸ் ஏறி, யார் வீட்டுக்கும் போகாமல், ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஒரு வருஷம் முழுக்க. இவ்வளவுதான். நீங்கள் கேட்டபோது இது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போமே.

கார்த்திகை கடைசியில் ராசுவிடம் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை.

"பஸ்ல சுத்துறதுக்காகவா வீட்டுக்குப் போறீங்க? பேரப்பிள்ளையை விட அது பெருசா?"

"பெருசு சிறுசு இல்லப்பா. எனக்கு அம்பத்தேழு வயசு. கால் நடக்கிறப்பவே போகணும்."

"அப்பா இருந்தா விடுவாரா?"

"அப்பாதான் கேட்டாரு."

மாலதி நான் புறப்படும் வரையில் என்னோடு பேசவில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் பிள்ளையை விட ஏற்பாடு செய்தாள், அது அவளுக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். மனசு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். பதுளை ரயிலில் அழுதுகொண்டேதான் வந்தேன், ஆனால் இடையில் எங்கும் இறங்கவில்லை.

தையில் தனியாகப் பொங்கினேன். பானைக்கு முன்னால் நின்று, சத்தமாகவே சொன்னேன், என் வருஷம் இது என்று. அந்த வாரமே, நம் வாசலைத் தாண்டித் தினமும் போகுமே மொனராகலை பஸ், அதை மறித்து ஏறினேன். கண்டக்டர் தம்பி சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரியும்.

"அம்மா எங்க இறங்குறது?"

"கடைசியா எங்க நிக்குதோ, அங்க."

"அங்க யாரு இருக்கு?"

"யாரும் இல்ல தம்பி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புருஷன் செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். பஸ் பசறை தாண்டி இறங்க இறங்கக் குளிர் விட்டது, சுவெட்டரைக் கழற்றினேன். தேயிலை முடிந்து றப்பர் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு வெயில் அடிக்கிறது என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. மொனராகலையில் இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. கையில் பை இல்லை, போக வீடு இல்லை. அதே பஸ்ஸில் திரும்ப ஏறிவிடலாமா என்று நின்றேன். பிறகு ஒரு கடையில் இளநீர் வாங்கி, நிழலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். யாரும் கூப்பிடவில்லை. எதுவும் அடுப்பில் இல்லை. அடுத்த பஸ் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் பேச்சு வரத்தான் செய்தது. "தாலி இறங்கி வருஷம் திரும்பல, ரோட்டுல திரியுறா" என்று உங்கள் பெரியம்மா மகளே சொன்னாராம். கேட்டதும் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் சுபைதா வேலிப்பக்கம் வந்தாள். "அடுத்த மாசம் எங்கக்கா போறீங்க?" என்றாள். எல்ல என்கிற ஊருக்கு என்றேன். "நானும் வாறேன். கடையை மகன்மாருகிட்ட குடுத்ததிலிருந்து எங்கட இவர் வீட்டுலயே இருக்கார். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பிளேன்டீ கேக்குறார். ஒரு நாள் அவரே போட்டுக் குடிக்கட்டும்."

மாசியில் இருவரும் எல்லக்குப் போனோம். மலை இடுக்கு வழியாகத் தூரத்துச் சமவெளி தெரிகிற இடத்தில், கொண்டுபோன ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். அவள் கதை சொன்னாள், நான் கேட்டேன். பங்குனியில் வெலிமடை, சித்திரையில் மகியங்கனை. முழங்கால் வீங்குகிறது. எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறேன்.

இனித் திவச நாளில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ராசு குடும்பத்தோடு வந்திருந்தான். படையல் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மாலதி அடுப்படிக்குள் வந்து கதவோரம் நின்றாள். இத்தனை மாதத்தில் அவள் என்னோடு நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

"நீங்க போன பிறகு நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா அத்தை?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போனீங்க."

"ஆமா. தெரிஞ்சுதான் போனேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் கேட்கவில்லை. கேட்டால், போனதே தப்பு என்று ஆகிவிடும் அல்லவா? அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "இங்க ஒரு வாரம் இரு. அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. பிள்ளைகளை ராசு பாத்துக்குவான். உனக்கு எங்க போகணுமோ போய்ட்டு வா" என்றேன்.

"நான் எங்க போறது?" என்றாள்.

"எனக்கும் முதல்ல தெரியல" என்றேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அம்பத்தேழு வயசு வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன் அத்தை" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். எனக்கு அதைக் கேட்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

நடையில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் மகன் உள்ளே வந்தான். யாரும் சொல்லாமலே அழுக்குப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனான். மறுநாள் காலையில் மாலதி பதுளை பஸ்ஸில் தனியாக ஏறினாள். எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் தலையில் ஒரு முழம் பூ இருந்தது.

இந்த வருஷத்தில் மிச்சமிருக்கும் மாதம் ஒன்றைக்கூட விட மாட்டேன். மழை அடித்தாலும் போவேன், ஊர் பேசினாலும் போவேன். அதற்கடுத்த வருஷத்துக்கும் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அதற்கடுத்ததற்கும். உங்களுக்குக் கிடைக்காத வருஷங்களில் ஒன்றையும் நான் தூங்கிக் கழிக்க மாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் மனைவி,
ராசுவின் அம்மா, மாலதியின் அத்தை
தங்கம்மா