அறுபத்து மூன்று இருமல்கள்

ஜூன் 18, செவ்வாய்
மேலகரத்தில் காலையிலிருந்து சாரல். குற்றாலத்துக்குப் போகிற கார்களின் ஹாரன் வேறு. ஹெட்போனுக்குள் நெப்ராஸ்காக் கிழவி மார்த்தா. அமெரிக்காவில் ஒரு நூலகம் சாதாரண ஆட்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அதில் இரைச்சலை நீக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. மார்த்தா அந்தக் காலத்து டெலிபோன் ஆபரேட்டர். பனிப்புயலில் மூன்று நாள் சுவிட்ச்போர்டை விட்டு எழும்பவில்லையாம். நல்ல கதைதான். ஆனால் பின்னாலிருந்து எவனோ இருமிக்கொண்டே இருக்கிறான். அறுபத்து மூன்று இருமல். ஒவ்வொன்றாக வெட்டினேன். பி.இ. படித்தது இதற்குத்தான்.

ஜூன் 20
அனுப்பியாச்சு. டிஸ்க் நிறைந்துவிட்டது, ஒரிஜினலை அழித்தேன். முப்பது நாள் வைத்திருக்கணும் என்பது விதி. யார் கேட்கப்போகிறார்கள்?

ஜூலை 9
கேட்டுவிட்டார்கள்.
மார்த்தாவின் மகள் நூலகத்துக்கு எழுதியிருக்கிறாள். அம்மா, அப்பா இரண்டு பேருமே இப்போது இல்லை. அப்பா கடைசிவரை மைக் முன்னால் உட்கார மாட்டேன் என்றுவிட்டாராம். பக்கத்தறையில் இருமுகிற அந்தச் சத்தம் மட்டும்தான் அவருடையதாக மிச்சம். அது எங்கே போனது?
நூலகத்திலும் பழைய ஃபைல் இல்லை. அதன் மேலேயே என்னுடையதை ஏற்றிவிட்டார்கள்.
டீம் லீட் உமாராணி அக்காவுக்கு போன் போட்டேன். "வந்த ஃபைல்லயே இருமல் இல்லன்னு எழுதிருலே. அழிச்சது தெரிஞ்சா காண்ட்ராக்ட் போயிரும். ஆறு பேரு சோறு இதுல கிடக்கு."
எழுதினேன்.

ஜூலை 11
மகளின் பதில்: 'நன்றி. நான்தான் கற்பனை செய்துகொண்டேன் போல.'
சண்டை போட்டிருக்கலாம்லா இந்தப் பொம்பளை?

ஜூலை 12
சாப்பாடு இறங்கலை. அம்மா கேட்கிறாள்: "ஏலே, எழவு வீட்டுல இருக்க மாதிரி இருக்க?"

ஜூலை 13
மடையன் நான். இருமலைத் தானாகக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டேனே — அதற்காக வெட்டின துண்டுகளை ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்திருந்தேன். பெயர் 'குப்பை'. அறுபத்து மூன்றும் இருக்கிறது, நிமிஷம், செகண்டோடு.
அனுப்பினால் பொய் வெளியே வரும்.
"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? ஆறு பேருன்னு சொன்னம்லா" என்றாள் அக்கா.
"என் பேரை மட்டும் போட்டு எழுதுதேன்க்கா."

ஜூலை 16
மூன்று நாளாக ஒவ்வொரு இருமலையும் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தேன். அழித்தது நான், பொய் சொன்னதும் நான் என்று எழுதி, இருமல்களின் பட்டியலோடு அனுப்பினேன். கழுத்து வலி. அக்கா பேசவில்லை.

ஜூலை 19
காண்ட்ராக்ட் தப்பியது. என் கையில் மட்டும் அவர்கள் ஃபைல் எதையும் தரக்கூடாதாம்.
சரி. நியாயம்தான்.

ஜூலை 22
மகளிடமிருந்து நாலு வரி. பட்டியலில் 41 என்று போட்டிருப்பது இருமலே இல்லையாம்.
ஓட்டிப் பார்த்தேன். மார்த்தா தப்பான இணைப்புக் கொடுத்ததால் ஒருத்தன் கத்தினான். மறுநாள் சண்டைக்கென்றே நேரில் வந்தான். அவனைத்தான் கட்டிக்கொண்டேன் என்று மார்த்தா சொல்கிற இடம். பின்னால் இரண்டு செகண்ட் அந்தச் சத்தம். எத்தனை தடவை கேட்டிருப்பேன் இதை!
உமாராணி அக்கா வந்து ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறக்கிறாள்.
"சிரிக்காருல்லா!"
ஃபோல்டரைத் திறந்து 'இருமல் 41' என்பதை அழித்து 'சிரிப்பு' என்று எழுதினேன்.