ஓர் ஆளுக்கான சமையல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது. போன் செய்தால் "நல்லா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வந்தபாடில்லை. அதனால்தான் கடிதம்.

உன் சமையல் வலைப்பூவை நான் படிக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. பஸ் டிப்போ மெக்கானிக் இருக்கிறானே, எல்லாரும் போல்ட்டு என்று கூப்பிடுவோமே, அவன்தான் என் போனில் அதைத் திறந்து கொடுத்தான். "அண்ணே, உங்க பொண்ணு எழுதுறதைப் படிச்சா, சாப்பிட்ட கையோட மறுபடியும் பசிக்குது" என்றான். உன் அம்மா போனதிலிருந்து ஓட்டல் பொட்டலம்தான் எனக்கு. இப்போது உன்னைப் படித்துத்தான் சமைக்கிறேன். ஒரு குறை உண்டு. "உப்பு தேவையான அளவு" என்று எழுதுகிறாய். தேவையான அளவு தெரிந்தால் நான் ஏனம்மா உன்னைப் படிக்கிறேன்? உருளைக்கிழங்கைத் தீய்த்துத் தீய்த்து, ஒருவழியாக வாயில் வைக்கும்படி செய்துவிட்டேன்.

போன மழைக்காலம் வரை எல்லாக் குறிப்பிலும் "இரண்டு பேருக்கு" என்றிருந்தது. பிறகு ஒரு முட்டை, பாதி வெங்காயம், ஒரு பிடி அரிசி என்று ஆனது. டயட் போலிருக்கிறது என்று நினைத்தேன். படத்திலும் ஒரே தட்டு. "சார் ஊர்ல இல்லையா மேடம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எல்லாருக்கும் பதில் போடுகிற நீ அவருக்குப் போடவில்லை.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். கோபித்துக்கொள்ளாதே. "நாங்க பிரிஞ்சிட்டோம் மாமா. அவ உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். "சொன்னா, சொன்னா. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்று சமாளித்தேன். பெற்ற அப்பனிடம்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது, பார். அவர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். உன் வாயால் வராத கதையை அவர் வாயால் கேட்க மனமில்லை, வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்புப் பக்கமே போகவில்லை.

உன் பதிவுக்குக் கீழே "பாப்பா, வீட்டுக்கு வந்துடு" என்று அடித்தேன். ஊரே பார்க்கும் இடமாயிற்றே என்று அழித்துவிட்டு "படம் அருமை" என்று போட்டேன். பெயர் கேட்ட இடத்தில் வாசகன் என்று கொடுத்தேன். "ரொம்ப நன்றி சார்" என்று நீ பதில் எழுதியிருந்தாய். பெற்ற மகள் என்னை சார் என்கிறாள். சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

என்ன நடந்தது என்று கேட்கமாட்டேன். சொல்லத் தோன்றும்போது சொல். தோன்றாவிட்டால் போகிறது, விடு. படத்துக்காகத் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து, ஆறிப்போனதைத்தான் நீ சாப்பிடுகிறாய் என்று எனக்குப் படுகிறது. ஒரு வேளையாவது படம் எடுக்காமல் சூடாகச் சாப்பிடம்மா.

முன்னறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறேன், எழுத வெளிச்சம் போதும். நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

என்றும் உன்,
அப்பா