கடைசியாக என்ன சாப்பிட்டான்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் நம் நாய் குண்டனும் நலமென்றே சொல்ல வேண்டும். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்பித் தொடர்கிறேன். நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். ஊகம் வருமிடத்தில் ஊகமென்றே குறிப்பிடுவேன்.

குண்டனின் வயிற்றுக் கட்டியை அகற்ற வேண்டுமென்றார் மருத்துவர். முதல் நாள் இரவிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். காலையில் கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் வெறும் வயிறுதானே என்று கேட்க உன் அம்மா தலையசைத்தாள், நானும் நம்பினேன். பிறகு அங்குள்ள செவிலிப்பெண் அவனை எடைபோட்டு, முன்காலில் ஊசிக்காக மயிரை மழித்துக்கொண்டே, நிமிராமல், "கடைசியா என்னம்மா சாப்பிட்டான்?" என்றாள். "ரெண்டே ரெண்டு ரொட்டித் துண்டு, பால்ல நனைச்சு. மூஞ்சியவே பாத்துட்டு இருந்தான், பெத்த மனசு கேக்கல" என்றாள் உன் அம்மா. சாட்சிகளை விசாரித்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெறும் வயிறுதானே என்று கேட்டால் ஆமாம் என்ற பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெண்ணின் கேள்வியில் அது இல்லை. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொல்லி, மருத்துவரிடம் பேசி, அறுவையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தாள். வாடகை ஊர்தியைத் திரும்ப அழைக்க வேண்டுமே என்ற எரிச்சலில் உன் அம்மா அவளை ஒரு பிடி பிடித்துவிட்டாள். அவளோ, "இன்னிக்கு என்னைத் திட்டிட்டுப் போங்கம்மா. நாளைக்கு அவனைக் கூட்டிட்டுப் போவீங்க" என்றாள்.

மறுநாள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தோம். மருத்துவர் கட்டியைப் பார்த்தார், அவள் குண்டனைப் பார்த்தாள். ஈறின் நிறம், மூச்சு, தொடையிடுக்கில் நாடி என்று அவள் விரல் அவனை விட்டு விலகவேயில்லை. முடிந்ததும் போர்வையோடு தரையில் அமர்ந்து, அவன் எச்சிலை விழுங்கிய பிறகே தொண்டைக் குழாயை எடுத்தாள். தலை தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நாற்காலி போட்டும் உன் அம்மா உட்காரவில்லை.

"நாய்க்கு நாடி புடிக்கவா இவள படிக்க வெச்சோம்" என்று நீயும் இதே செவிலி வேலையில் சேர்ந்தபோது உன் அம்மா சொன்னதும், அன்றிலிருந்து உன் தொலைபேசி அழைப்பு வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவதும் நீ அறிந்ததே. வீடு திரும்பும் வழியில் அவளாகவே, "நம்ம பொண்ணும் இப்படித்தான் தரையில உக்காந்திருப்பாளா?" என்று கேட்டாள். நேரடிச் சான்று என்னிடம் இல்லை, ஆயினும் அப்படித்தான் இருக்கும் என்றேன். சற்று நேரம் கழித்து, "முட்டி வலிக்குமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் மனம் மாறிவிட்டது என்பது என் ஊகம்.

தரையில் அமரும்போது முழங்காலுக்கடியில் தடித்த துணி வைத்துக்கொள். திட்டுபவர்கள் திட்டட்டும், கேள்விக்குள் பதிலை வைத்து மட்டும் கேட்காதே. குண்டன் தையலை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்போடு கதவிலெல்லாம் முட்டுகிறான்; அதை எப்போது கழற்றலாமென்று உன் அம்மாவுக்குச் சந்தேகம். செவிலிப்பெண் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன், அவளுக்குத் திருப்தியில்லை. உன்னிடம் கேட்டு எழுதட்டுமா என்றேன், "நானே கேட்டுக்கறேன்" என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது, என்னிடம் பேசி முடித்ததும் வழக்கம்போல வைத்துவிடாதே, சற்றுப் பொறுத்திரு.

எல்லா நலனும் உன்னைச் சேர வாழ்த்தும்,
உன் அப்பா