வாசலில் அடுக்கிய மூட்டைகள்

அக்கா,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். நாம் பேச்சை நிறுத்திய இந்த இரண்டு வருடமாக, என் மாவு ஆலை வாசலில் மூட்டை சேர்ந்தால் போதும், மேட்டு வாய்க்காலில் தண்ணீர் வந்து சக்கரத்தைச் சுற்றுகிறது. மூட்டை இல்லாத நாளில் சொட்டுகூட வருவதில்லை.

"தண்ணிக்குக் கண்ணு இருக்கா என்ன?" என்று சிரிக்கிறாள் என் வீட்டுக்காரி.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நேற்று சாக்குகளில் வெறும் உமியை நிரப்பி வாசலில் அடுக்கினேன். தண்ணீர் வந்தது. அரைக்க ஒன்றுமில்லாமல் சக்கரம் சும்மா சுற்றியது. மேட்டில் இருக்கும் உன் வயலுக்கு ஏறி வந்தேன். உன் மதகு என் பக்கம் திறந்திருந்தது. உன் நாற்று வாடிக்கிடந்தது.

இன்று வாசலில் மூட்டை இல்லை. இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். அதுவும் அங்கிருந்து தெரியும்தானே?

உன் முரட்டுத் தம்பி