பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கவும்

2.3.1993, செவ்வாய்

இந்தக் கொப்பி யார் கையில் அகப்பட்டாலும், தயவுசெய்து இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். வாசித்துவிட்டால் ஒருவரிடமும் காட்ட வேண்டாம். முக்கியமாக அம்மாவிடம் வேண்டாம். நாகேஸ்வரி மாமியிடம் வேண்டவே வேண்டாம். மட்டையில் சமூகக்கல்வி என்று எழுதியிருக்கிறேன். சமூகக்கல்வி என்றே நினைத்துக்கொண்டு இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

இன்று எங்கள் நாய் பிறவுணி என்னைக் கடித்துவிட்டது.

பின்னேரம் நாலு மணிபோல குண்டு போடும் பொம்மர் வந்தது. மாமி தன் மகள் கௌசியைத் தூக்கிக்கொண்டு பங்கர் குழிக்குள் இறங்கினார். பின்னால் அம்மா. நான் முருங்கையில் கட்டியிருந்த பிறவுணியை அவிழ்த்து இழுத்துக்கொண்டு கடைசியாக இறங்கினேன். அது வரமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஒரே இருட்டு. மேலே அந்தச் சத்தம். அடுத்த கணம் மணிக்கட்டில் சுரீர் என்றது.

நான் கத்தவில்லை. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபடியால் கத்தியிருந்தாலும் தெரிந்திராது.

பொம்மர் போனதும் கிணற்றடிக்கு ஓடினேன். இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. அம்மா ஒளித்து வைத்திருந்த சவர்க்காரத் துண்டை எடுத்து, தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். துண்டு கரைந்து முடியும்வரை தேய்த்தேன். பிறகு நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

ஏன் ஒளிக்கிறேன்? தெல்லிப்பழையை விட்டு வந்து மூன்று வருடமாகப் போகிறது. இங்கே வட்டுக்கோட்டையில், மாமி வீட்டில் எங்களுக்கு ஒரு அறை. மாமி சொந்தமில்லை, மரியாதைக்குத்தான் மாமி. நாங்கள் வந்த அன்றே அப்பாவிடம் சொன்னவர்: “நாயைக் கட்டித்தான் வைக்கோணும் அண்ணை. ஆரையும் கடிச்சுதெண்டால் அண்டைக்கே நாகலிங்கத்தைக் கூப்பிட்டுடுவன். பிறகு நீங்களும் வேறை இடம் பாக்கவேண்டி வரும்.”

நாகலிங்கம் அடுத்த ஒழுங்கைக்காரர். வேண்டாத நாய்களை அடித்துக் கொல்வதற்கு எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே அடிதானாம். அதைப் பெருமையாக வேறு சொல்வார்.

3.3.93

அம்மா விடிந்ததிலிருந்து சவர்க்காரத்தைத் தேடினார்.

“காகம் கொண்டுபோயிருக்கும்” என்றேன்.

“காகம் குளிச்சு முழுகிக் கோயிலுக்கோ போகப்போகுது?” என்று ஏசினார். கடையில் ஒரு கட்டி சவர்க்காரத்தைக் கண்டு எத்தனை மாதம். ஏசட்டும்.

எட்டாம் வகுப்புச் சுகாதாரக் கொப்பியைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு, தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் கழுவவும். உடனே வைத்தியரிடம் காட்டவும். கடித்த நாயைக் கொல்லக்கூடாது. பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கவும். பத்தாம் நாளும் நாய் சுகமாக இருந்தால் பயமில்லை.’

இரண்டாவது வரியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு மற்ற நாலையும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பிறவுணிக்குக் கடைசியாக ஊசி போட்டது 89இல், ஊரில். வருடா வருடம் சந்தியில் வைத்துப் போடுவார்கள், கழுத்தில் கட்ட ஒரு தகர வில்லையும் தருவார்கள். இப்போது நாய்க்கு ஊசி எங்கே? தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் ஒரு புறத்தி நாய் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து பிறவுணியின் காதைக் கடித்துவிட்டுப் போனது. நான் மஞ்சள் பூசி விட்டேன். காய்ந்துவிட்டது. அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

பொம்மருக்குப் பயந்துதான் கடித்தது. வேறொன்றும் இல்லை. இல்லைத்தானே?

4.3.93

சாப்பிட்டது. வாலாட்டியது. இரண்டு நாள் போய்விட்டது.

5.3.93, வெள்ளி

கௌசி இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே முருங்கையடிக்கு வந்தாள். அவளுக்கு ஐந்து வயது. போன வருடம் பிறவுணியைக் கண்டாலே வீரிட்டு அழுதவள். அழ அழ அது குரைக்கும், குரைக்கக் குரைக்க இவள் அழுவாள். மாமியோ இரண்டு பேரையும் ஏசுவார். நான்தான் ஒவ்வொரு பின்னேரமும் இருந்து பழக்கினேன். ஓடாதே, கண்ணுக்குள்ளே பார்க்காதே, கையைத் தாழ்த்தி நீட்டு, அது முதலில் மணக்கட்டும் என்று. நாயும் பழகியது, அவளும் பழகினாள். கட்டியே கிடக்கும் நாய்க்கு மனிதர் பழக்கம் விட்டுப்போனால் குணம் கெட்டுவிடும் என்று அப்பா சொன்னபடியால்தான் செய்தேன்.

இன்று அவளை வராதே என்று விரட்டினேன்.

“ஏன் வதனியக்கா?”

“அதுக்கு உடம்பெல்லாம் தெள்ளு.”

“எனக்கும் சிரங்குதானே?” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் சிரங்கு. சவர்க்காரம் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். “அப்ப நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டுதான்” என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்தேன்.

6.3.93

நித்திரை வருகிறது. எழுத ஒன்றும் இல்லை. சோற்றைப் பாதிதான் தின்றது. வெயிலாக இருக்கும்.

7.3.93, ஞாயிறு

சோறு தொடவில்லை. கருவாட்டுத் தலை போட்டும் தொடவில்லை. கீழ்த்தாடை தொங்கிப்போய் இருக்கிறது. வாயோரம் வீணீர் நூலாக வடிகிறது. குரைத்தால் பிறவுணியின் குரல் மாதிரி இல்லை, தொண்டை கட்டின மாதிரி.

அப்பா புகையிலைத் தோட்டத்தில் கூலி வேலை முடிந்து வந்ததும் பார்த்தார். “முள்ளு இறுகிப்போட்டுது” என்றார். பிறவுணியின் வாயைப் பிளந்து கையை உள்ளே விட்டுத் துழாவினார். அவருடைய விரல்கள் முழுக்க வெடிப்பு, புகையிலைச் சாறு பட்டு வெடித்த வெடிப்பு.

“ஒண்டையும் காணேல்லை. கீழை போட்டுது போலை” என்று கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

சாரத்தில் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? ஐயோ, நான் என்ன பிள்ளை.

8.3.93, திங்கள்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தால் வந்து, அவர் தோட்டத்தில் தனியாக நிற்கும்போது போய், சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். வரம்பில் குந்தினார்.

“எப்ப?”

“செவ்வாய்க்கிழமை. பங்கருக்கை.”

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“நாகலிங்கண்ணையைக் கூப்பிட்டுடுவினம் எண்டு.”

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஏசுவதற்கும் அவருக்குத் தெம்பு இல்லைப் போல. மண்ணைக் கிளறிக்கொண்டே, “விசர் பிடிச்ச நாய் தண்ணியைக் கண்டால் பயந்து ஓடும். இது காலமை சட்டிக்கை மூஞ்சையை வைச்சுக்கொண்டெல்லே நிண்டது. இது விசர் இல்லை” என்றார்.

“அப்பா, அது குடிக்கேல்லை. சட்டியிலை தண்ணி குறையேல்லை.”

“நாளைக்கும் பாப்பம். கொம்மாவுக்குச் சொல்லாதை. மாமிக்கு மூச்சும் விடாதை. இந்த மனிசி எழும்பச் சொன்னால் எங்கை போறது? எந்தப் பள்ளிக்கூட விறாந்தையிலை போய்ப் படுக்கிறது?”

ஒருவரிடம் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். இப்போது ஒளிக்கிறவர்கள் இரண்டு பேர். அவ்வளவுதான்.

9.3.93

சுகாதாரக் கொப்பியில் அடுத்த பக்கத்தையும் பார்த்தேன். ‘தண்ணீருக்குப் பயப்படுவது நோய் கண்ட மனிதரே. நாய் அவ்வாறு பயப்பட வேண்டும் என்பதில்லை.’ இதையும் நானே எழுதியிருக்கிறேன். சோதனைக்குப் பாடமாக்கிப் புள்ளியும் எடுத்திருக்கிறேன்.

அப்பாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

பிறவுணியை வளவின் கடைசியில் பனைகளுக்கு நடுவே கொண்டுபோய்க் கட்டினார், உலக்கை நீளத் தடியால் கயிற்றைத் தள்ளித் தள்ளி. பின்னங்கால் இரண்டும் இழுபடுகிறது. மாமி கேட்டதற்கு “முள்ளு இறுகினது, பேசாமல் கிடக்கட்டும்” என்றார்.

10.3.93

தூரத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். காதை மட்டும் அசைத்தது. என்னைத் தெரிந்துதான் அசைத்ததா?

11.3.93, வியாழன்

காலையில் போய்ப் பார்த்தபோது இலையான் மொய்த்துக் கிடந்தது.

அப்பா மண்வெட்டியோடு போய்க் கிடங்கு வெட்டினார். தொடவில்லை, தடியால் தள்ளிக் கிடங்கில் விழுத்தி மூடினார். “நாளைக்கு விடிய நீயும் நானும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போறம். நிவாரணப் பதிவு எண்டு சொல்லுவம்” என்றார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அது பரவாயில்லை. உண்மையாகவே அது பரவாயில்லை.

மாமியிடம் “கயிறறுத்துக்கொண்டு ஓடிட்டுது தங்கச்சி” என்றார் அப்பா.

மாமி, “அட பாவமே” என்றார். “நான் என்ன கத்தினாலும் என்னைக் கண்டால் வாலாட்டும். நல்ல சீவன். வந்திடும், பாருங்கோ.”

நல்லது சொல்லவேண்டிய நேரமா இது?

பின்னேரம் கௌசி என்னிடம் வந்தாள். “பிறவுணி என்னோடை கோவமோ?” என்று கேட்டாள்.

“ஏன்?”

“நீங்கள் பள்ளிக்கூடம் போனாப்பிறகு நான் போய்ப் பாத்தனான். நீங்கள் சொல்லித்தந்த மாதிரித்தான், கையைத் தாழ்த்தி நீட்டினனான். மணந்து பாத்தது. ஆனால் வாலாட்டேல்லை. கையெல்லாம் வீணீராக்கிப்போட்டுது.”

“எண்டைக்கு?”

“சிவப்புச் சட்டை போட்ட அண்டைக்கு.”

சிவப்புச் சட்டை திங்கட்கிழமை. இரண்டு கையிலும் சிரங்கு. நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. நான்தான் சொல்லிக்கொடுத்தது.

அப்பாவைத் தேடினேன். தோட்டத்தில் நின்றார். சொன்னேன். முகம் செத்துப்போயிற்று அவருக்கு. “பொறு. யோசிப்பம்” என்றார். யோசிப்பம், யோசிப்பம், செவ்வாயிலிருந்து நான் யோசித்து யோசித்துத்தானே இப்படி. நில்லாமல் திரும்பி வந்தேன்.

மாமி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பங்கர், கை, தாடை, அப்பாவின் விரல், கிடங்கு, கௌசியின் கை. ஒன்றையும் விடவில்லை. துருவுவதை எந்த இடத்தில் நிறுத்தினார் என்று தெரியாது. நான் முடித்தபோது பாதித் தேங்காய் அவர் மடியில் கிடந்தது.

“கொப்பருக்கும் தெரியுமோ?”

“ஓம்.”

“என்ரை பிள்ளை உங்களோடை ஒரு பாயிலை படுத்து எழும்பினவள்” என்றார். கௌசியை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாக அள்ளி ஊற்றும் சத்தம் கேட்டது. கௌசி குளிரில் அழுதாள். பிறகு தங்கள் பக்கத்துக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

அப்பா வந்தார். “ஏன் சொன்னனி?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “சொல்லத்தான் வேணும்” என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். என் கையை ஜாம் போத்தல் விளக்குக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். “என்னட்டையாவது சொல்லியிருக்கலாமேயடி” என்று மட்டும் சொல்லிவிட்டு உரப்பையை எடுத்துச் சட்டிபானைகளை அடுக்கத் தொடங்கினார். ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அது பழகிவிட்டது. எதை முதலில் அடுக்குவது, எதை விட்டுப் போவது என்று அம்மாவுக்குக் கணக்காகத் தெரியும்.

12.3.93, வெள்ளி, விடியப்புறம்

நித்திரை இல்லை. அம்மா கட்டிய பொட்டளிகள் நாலும் சுவரோரம் இருக்கின்றன. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார், நித்திரை இல்லை என்று மூச்சில் தெரிகிறது. கை வலிக்கவில்லை. வலிக்காதது நல்லதா கெட்டதா என்று கொப்பியில் இல்லை.

மாமியின் பக்கம் ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தது. கௌசி ஒருதரம் இருமினாள். இருமினால் என்ன? இருமல் இந்த நோயில் வராது. வராதுதானே. அவளுக்கு நாலு நாள்தான் ஆகிறது, நேரத்தோடு ஊசி போட்டால் ஒன்றும் வராது என்றுதான் போட்டிருக்கிறது. எனக்குத்தான் பத்து நாள். எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு மட்டும்

கதவைத் தட்டுகினம்.

மாமி. அப்பாவை எழுப்பச் சொல்லுறா. ஆஸ்பத்திரிக்குப் போகக் கௌசிக்குச் சப்பாத்துப் போட்டாச்சாம், தன்ரை சைக்கிளின்ரை பின் ரயருக்குக் காத்தில்லையாம், எங்கடை காத்தடிக்கிற பம்மை எடுத்துக்கொண்டு கெதியா வெளியிலை