தலைக்கு மேல் தூக்கிய கேமரா

என் பிரியத்துக்குரிய மாப்பிள சுடலைக்கு,

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டது. கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை என்று பேச்சி என்னிடம் குறைப்படுகிறாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் என்றால் இதை உன்னிடம் சொல்லியிருப்பாள். நீ பதில் சொல்லாமல் சிரித்திருப்பாய். இப்போது நான் பதில் சொல்லாமல் இருக்கிறேன். சிரிக்க வரவில்லை.

இருபத்தாறு வருஷம் நான் செய்தி எழுதினேன், நீ படம் எடுத்தாய். நடுவில் என் தங்கை பேச்சியைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையும் ஆனாய். இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும்படி நீ வைத்துக்கொள்ளவில்லை. இந்த வாரம் கேட்க வேண்டியதாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சி உன் பீரோவைத் திறந்து இரண்டு கேமராவையும் மேசையில் வைத்தாள். ஒன்று அந்தப் பெரிய டி.எஸ்.எல்.ஆர்., நீ கழுத்தில் போட்டுத் திரிந்தது. வார்ப்பட்டை உன் வியர்வையில் வெளுத்துப் போயிருக்கிறது. மற்றது சின்னது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருப்பாயே, அது. அதில் நீ என்ன எடுக்கிறாய் என்று ஒருநாளும் காட்டியதில்லை. கேட்டால், “அது பத்திரிகைக்கு இல்ல மச்சான்” என்பாய்.

“ரெண்டுல ஒண்ண நீங்க எடுத்துக்கிடுங்க அண்ணே. ஒண்ணு இங்கன கெடக்கட்டும்” என்றாள் பேச்சி. “எதுன்னு ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

சின்னதை இயக்கிப் பார்த்தேன். படம் பார்க்கும் பொத்தானில் விரல் பட்டுவிட்டது. திரை வெளிச்சமானது, மூலையில் ஐம்பத்து மூன்று என்று எண். படம் தெளிவதற்குள் பேச்சி உள்ளங்கையால் திரையை மூடிவிட்டாள்.

“இப்ப வேண்டாம். நான் பாக்கறதுக்கு முன்னால நீங்களும் பாக்கக் கூடாது.”

சரி என்றேன். சொன்ன சொல் அது.

எதை எடுப்பது? உனக்குத்தான் தெரியுமே, என் கழுத்து எலும்பு தேய்ந்து டாக்டர் பட்டை போடச் சொல்லியிருக்கிறார். லென்ஸோடு சேர்த்துப் பெரியதை அரை மணி நேரம் மாட்டினால் இடது கை மரத்துப்போகிறது. போன வருஷச் சாரலில் நனைந்து என் போன் செத்தது. புதுப் போனை நான் அருவிப் பக்கம் கொண்டு போவதில்லை. சின்னது நனைந்தாலும் தாங்கும், கனம் தெரியாது, சத்தம் போடாது. ஞாயிறு வரை காத்திருக்கவே வேண்டாம், சின்னதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

புதன்கிழமை மாடத்தி போன் செய்தாள். அருவிக்குப் போகும் வழியில் ரம்புட்டான் விற்பவள், உனக்குத் தெரிந்தவள்தான். எந்த அருவி என்று இங்கே எழுதவில்லை.

“அண்ணாச்சி, பொம்பளைக குளிக்குற பக்கம் கைப்பிடிக் கம்பி ஒண்ணு அடியில இத்துப்போயி ஆடுது. பிடிச்சா கையோட வருது. கீழ பாறைல்லா? பஞ்சாயத்து ஆபீஸ்ல சொன்னேன், ஆள் வரும் ஆள் வரும்ங்காவ. சனிக்கிழம கூட்டம் வந்துரும். எவளாவது விழுந்தப்பறமா எழுதுவீரு?”

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் கேட்டேன். படம் இல்லாமல் போட முடியாது என்றார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். நல்ல தண்ணீர். ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் பிரிகிற படியில் நின்றால் அந்தக் கம்பி தெரிகிறது. பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களை எதற்குக் கலைப்பது, கம்பியின் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். சின்னதை வெளியே எடுத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, இரண்டு தடவை அழுத்தினேன். பையில் போட்டுக்கொண்டேன். இதில் எதுவும் தவறாகத் தோன்றவில்லை. நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

அருவிக்கரையில் உன் வழக்கம் என்ன? அங்கே தண்ணீர் இரைகிற இரைச்சலில் தள்ளி நிற்பவர்களுக்குக் கத்தினாலும் கேட்காது. அதனால் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே பெரிய கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்குவாய். மெதுவாக இருபது எண்ணுவாய். வேண்டாதவர்கள் திரும்பிக்கொள்வார்கள், விலகிப் போவார்கள். பிறகுதான் மூடியைக் கழற்றுவாய். “பண்பொழி முருகன் மலைக்குக் காவடி எடுக்கியாலே?” என்று நான் கேலி செய்து, அருவிக்கரைக் கடைக்காரர்கள் எல்லாரும் உன்னைக் ‘காவடி’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நீ எண்ணி முடிப்பதற்குள் நல்ல படம் போய்விடுகிறது என்று நான் கத்தினால், “போனா போவுது மச்சான், உமக்குத்தான் எழுதத் தெரியும்லா, எழுதும்” என்பாய்.

அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

நாலு படி இறங்கியிருப்பேன். பின்னாலிருந்து சட்டைக் காலரில் ஒரு கை விழுந்தது. ஈரத் துண்டோடு ஓர் ஆள், நாற்பது வயதிருக்கும். அவன் பின்னால் நனைந்த சுடிதாரில் அவன் மனைவி. ஆலங்குளத்திலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது.

“ஏலே பெருசு, பையில என்னத்தலே ஒளிச்ச?”

“ஒளிக்கல. கேமரா. நான் நிருபர்.”

“நிருபர்னா பெரிய கேமரால்லா வச்சிருப்பான்? இது என்ன, தீப்பெட்டி கணக்கா?”

“அங்க ஒரு கம்பி ஆடுது, அதைத்தான் எடுத்தேன்.”

“கம்பியத்தான் நெஞ்சுக்குள்ள ஒளிச்சு எடுத்தியோ?” என்றாள் அவன் மனைவி. “நான் பாத்தேன். கையி ரெண்டும் நடுங்கிச்சு உமக்கு.”

கை நடுங்கியது வயதால். அதை அங்கே யார் நம்புவார்கள்? அடையாள அட்டை வண்டிப் பெட்டியில் இருந்தது. அதைச் சொன்னேன். “அட்டைய எவனும் அடிச்சுக்கிடலாம்” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “நரைச்ச தலைய வச்சுக்கிட்டு என்ன வேல பாக்கான் பாரு.” முப்பது பேர் கூடிவிட்டார்கள். பாதிப்பேர் கையில் போன். என்னை அவர்கள் எடுத்தார்கள். என்னைப் பற்றி நாளைக்கு என் தெருவில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன்.

பணியிலிருந்த பெண் காவலர் வந்து என்னை மாடத்தி கடைப் பந்தலுக்குள் கூட்டிப்போனார். மாடத்தி கடையில் இல்லை, பழம் எடுக்கப் போயிருந்தாள். காவலர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இதுல எல்லாத்தையும் ஒரே தட்டுல அழிக்கது எப்படி?”

எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

“நான் எடுத்தது ரெண்டு படம். அதை மட்டும் அழிச்சிருங்க. பாக்கி என்னது இல்லம்மா.”

“அப்ப யாருது?”

“என் தங்கச்சி வீட்டுக்காரர் எடுத்தது. அவர் இறந்து அஞ்சு மாசமாச்சு. தங்கச்சி இன்னும் பாக்கல.”

“நல்லாக் கதை விடுதான்” என்றான் ஆலங்குளத்துக்காரன். “உள்ள இன்னும் எத்தன பேரு படம் இருக்கோ? மொத்தத்தையும் அழிங்க மேடம். இல்லன்னா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“ஒண்ணு நானே பாக்கணும், இல்ல எல்லாம் போகணும்” என்றார் காவலர். “எது சார்?”

மாப்பிள, இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம்.

பேச்சிக்குக் கொடுத்த சொல் ஒன்று. அதைவிடக் கீழே இன்னொன்று. அந்த ஐம்பத்து மூன்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ ஏன் யாருக்கும் காட்டவில்லை? பத்திரிகைக்கு இல்லை என்றால் எதற்கு? பெரியதை ஊரறியத் தூக்கிக் காட்டியவன், சின்னதைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்தான்? இருபத்தாறு வருஷம் பக்கத்தில் நின்றவன் நான், அந்த ரம்புட்டான் கூடைகளுக்கு நடுவில் உன்னைச் சந்தேகப்பட்டேன். அழித்துவிட்டால் நல்லது, யாருக்கும் தெரியாமல் போகும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். எப்படி அழிப்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

திறந்த வாயில் “பாருங்க” என்று வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

காவலர் என் இரண்டு கம்பிப் படத்தையும் பார்த்தார். ஒன்றின் ஓரத்தில் ஒரு பெண்ணின் தோள் விழுந்திருந்தது. அவர் முகம் இறுகியது. அடுத்த பொத்தானை அழுத்தினார். கடைசிக்கு அடுத்து முதல் படம் வருகிற கேமரா அது. உன் முதல் படம் வந்தது.

ஓர் உள்ளங்கை. அதற்குப் பின்னால் உன் வீட்டு அடுக்களை.

அடுத்தது ஓர் உள்ளங்கை, பின்னால் மாடிக் கொடியில் துணி. அடுத்ததும் உள்ளங்கை, அதில் தோசை மாவு. அடுத்தது, பஸ் ஜன்னல் ஓரத்தில். மருதாணி வைத்த கை. பேனாவோடு சமையல் கேஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது தூக்கிய கை. பேச்சிக்குப் படம் என்றால் ஆகாது, கல்யாண ஆல்பத்தில்கூட முகத்தை மறைத்தவள். நீ வீட்டிலும் கேட்டிருக்கிறாய். அவள் கையைத் தூக்கியிருக்கிறாள். அந்தக் கையை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்தியிருக்கிறாய்.

“இது என்ன சார், எல்லாத்துலயும் கையி?” என்றார் காவலர்.

“என் தங்கச்சி. அவளுக்குப் படம் பிடிக்காது.”

ஆலங்குளத்துக்காரன் மனைவி எட்டிப் பார்த்தாள். “வேண்டாம்னு காட்டுதாவ” என்றாள். “மொகத்த எடுக்காம நின்னுருக்காரு.”

முப்பதாவது படத்தோடு காவலர் நிறுத்திக்கொண்டார். “போதும் சார். உங்க ரெண்டையும் நீங்களே அழிச்சிருங்க.”

பொத்தானை அழுத்தி, படங்களில் வந்த வழியே பின்னால் போனேன். ஐம்பத்தைந்தை அழித்தேன். ஐம்பத்து நாலை அழித்தேன். அடுத்து உன் கடைசிப் படம் திரைக்கு வரும் என்று தெரியும். அதற்கு முன்னால் உள்ளங்கையால் திரையை மூடி அணைத்தேன். காவலர் என் கையைப் பார்த்தார்.

ஆலங்குளத்துக்காரன் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அவன் மனைவி மட்டும் போகும்போது திரும்பினாள். “கம்பி ஆடுதுன்னா முதல்லயே சொல்லிட்டு எடுத்திருக்கலாம்லா பெரியவரே? நாங்களும்தான அதைப் பிடிச்சுக்கிட்டுக் குளிக்கோம்?”

வெள்ளிக்கிழமை காலை கழுத்துப் பட்டையைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் பெரியதை மாட்டிக்கொண்டு போனேன். அதே படி. மூடியைக் கழற்றாமல் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். பன்னிரண்டில் இடது கை மரத்தது. இருபது வரை எண்ணினேன். பெண்கள் பார்த்தார்கள். சிலர் திரும்பிக்கொண்டார்கள். மாடத்தி உள்ளே போய்க் கம்பியைக் காட்டிச் சொன்னாள். எல்லாரும் விலகினார்கள். மஞ்சள் பூசிய ஒரு பெண் மட்டும் முதுகைக் காட்டி நின்று, கம்பி எவ்வளவு சாய்கிறது என்று பிடித்து இழுத்துக் காட்டினாள். மூடியைக் கழற்றி அழுத்தினேன்; ‘டக்’ என்று கேமரா போட்ட சத்தம் அருவி இரைச்சலில் எனக்கு மட்டும் கேட்டது.

“காவடிக்குக் கை நடுங்குது” என்று என் காதருகே வந்து கத்தினாள் மாடத்தி. “ஆனா எண்ணிட்டீரு.”

சனிக்கிழமை செய்தி படத்தோடு வந்தது. கம்பியை இன்னும் மாற்றவில்லை. கயிறு கட்டி, அந்தப் பக்கம் ஆள் போகாதபடி வைத்திருக்கிறார்கள். நான் விடப்போவதில்லை.

இன்று ஞாயிறு. சின்னதைப் பேச்சியிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். முப்பது படத்தை அவளுக்கு முன்னால் வேறு ஆட்கள் பார்த்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். “என் கையத்தான பாத்தாவ” என்றாள். உன்னைச் சந்தேகப்பட்டதை மட்டும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை உன் பீரோவில் வைப்பேன், அவள் படிப்பாள், அப்படித் தெரியட்டும்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். நாற்பதாவது படத்துக்கு மேல் உன் ஆஸ்பத்திரி நாட்கள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. கடைசிப் படத்தில் நின்றுவிட்டாள். வெளியே சாரல் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவள் வலது கை தானாக முகத்துக்கு நேராக உயர்ந்து, பாதியில் மடியில் இறங்கியது.

அணைத்து, முந்தானையில் திரையைத் துடைத்தாள். “இது எங்கிட்ட கெடக்கட்டும் அண்ணே. நீங்க பெருச எடுத்துக்கிடுங்க.” பிறகு, “என்ன படம்னு கேக்கலயா? நிருபருல்லா நீங்க?” என்றாள்.

“கேக்கல” என்றேன்.

அந்தப் பதில் உனக்கும் சேர்த்துத்தான், மாப்பிள; உன்னிடம் நான் கேட்கும் மன்னிப்பு அதுதான். கழுத்து தாங்குகிற வரை தூக்குவேன், இருபது வரை எண்ணுவேன். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பிழைத்தவன், ஐம்பத்து மூன்றாவது படத்தைப் பற்றி அவளிடம் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

உன் கையைப் பிடித்துத் தங்கையைக் கொடுத்தவன்,
உன் மச்சான்
ஆறுமுகம்